ஏ. ரகுநாதன்: நவாலி மேடையிலிருந்து பாரிஸ் வரை

ஏ. ரகுநாதன் (1935–2020) ஈழத்து நாடக நடிகர். இலங்கைத் தமிழ்த் திரைப்படத்தின் தொடக்ககாலக் கதாநாயகர்களில் ஒருவர், தயாரிப்பாளர். மலாயாவில் பிறந்தார், யாழ்ப்பாணத்து நவாலியில் வளர்ந்தார். பிரான்ஸ் கொரோனாவால் முடங்கிக் கிடந்த 2020 ஏப்ரல் 22 அன்று அதே நோய்க்குப் பலியானார்.

நாடகத்தில் அவருக்குக் குரு கலையரசு க. சொர்ணலிங்கம். இவர் 1913இல் இலங்கை சுபோத விலாச சபை உருவாக முன்னின்றவர். பம்மல் சம்பந்த முதலியாரைத் தம் ஆசானாகக் கொண்டாடியவர். பி. எஸ். ராமையாவின் 'தேரோட்டி மகன்' நாடகத்தில் முதிய வயதிலும் சகுனியாக மேடையேறிப் பெயர் வாங்கியவர்.

இத்தகைய குருவிடம் தேறிய நடிகனுக்கும் திரையில் இடம் கிடைப்பது அன்று எளிதல்ல. இலங்கைப் படமாளிகைகளில் ஓடியவை சென்னைப் படங்கள். உள்ளூர்த் தமிழ்ப்படம் என்ற ஒன்று 1962இல் 'சமுதாயம்' வந்த பிறகுதான் பேச்சுக்கே வந்தது. ரகுநாதனின் திரைவாழ்வு எம். வேதநாயகத்தின் 'கடமையின் எல்லை' (1966) படத்தோடு தொடங்குகிறது. ஷேக்ஸ்பியரின் ஹம்லெட்டைத் தழுவிய கதை அது. மேடைக்காரர்கள் சினிமாவுக்குள் ஹம்லெட்டைக் கொண்டு நுழைவது புதிதல்ல: பிரெஞ்சு மேடையின் பேரரசி சாரா பெர்னார் 1900இல் ஹம்லெட்டாக ஆண்வேடமிட்டு வாள்சண்டைக் காட்சியில் கேமராவுக்கு முன் நின்றார், ஊமைப்பட நாளிலேயே அதை ஓசையோடு காட்டவும் ஏற்பாடு செய்தார்கள்.

வாய்ப்புக்காகக் காத்திருக்க ரகுநாதனுக்குப் பொறுமையில்லை. 1968இல் 'நிர்மலா'வைத் தாமே தயாரித்தார்; இயக்கம் அருணன். இசைக்குச் சென்னையை நாடவில்லை, திருகோணமலைக்காரரான பத்மநாதனைப் பிடித்தார். துறைமுக நகரத்துக் கலைஞர் ஒருவரின் மெட்டுகள் இலங்கைத் திரைக்கு வந்தது இப்படித்தான். நடிகர் ரகுநாதனைவிடத் தயாரிப்பாளர் ரகுநாதனுக்கே கூடுதல் மதிப்பெண் போடத் தோன்றுகிறது. போட்ட பணம் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத தொழில் அது.

1978இல் 'தெய்வம் தந்த வீடு' படத்தில் நடித்தார். ஐந்து ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தது. நாட்டின் தமிழ்ப்பட முயற்சிகளும் ஏறக்குறைய ஓய்ந்துபோயின.

ரகுநாதன் பிரான்சுக்குப் புலம்பெயர்ந்தார். லா ஷாப்பல் பகுதியில் தமிழ்க் கடைகள் பெருகி, பாரிஸில் தமிழர் சமூகம் வேரூன்றிய காலம். அங்கும் மேடையை விடவில்லை. இளையவர்கள் கையடக்கக் கேமராக்களோடு குறும்படம் எடுக்கக் கிளம்பியபோது, வயதான பாத்திரம் என்றால் அவர்கள் தேடிப்போன ஆள் இவர்தான்.