எலிக்கூண்டைக் கழுவியவர்

பிணவறையில் மருத்துவருக்குக் கூடமாட நின்று வேலை செய்பவரை அமெரிக்க மருத்துவமனைகளில் இன்றும் சிலர் 'டீனர்' என்று சொல்வதுண்டு. ஜெர்மன் சொல் அது. வேலையாள் என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மன் மொழிப் பல்கலைக்கழகங்களில் பிணத்தைத் தூக்கி மேசையில் வைப்பவர், குப்பி கழுவுபவர், சோதனை விலங்குகளுக்குத் தீனி போடுபவர் எல்லோருக்கும் இந்த ஒரே பெயர்தான். நம் கல்லூரிகளில் லேப் அட்டெண்டர் என்கிறோமே, அவரேதான். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இருக்கும். ஆய்வுக் கட்டுரையில் இருக்காது.

அப்படிப்பட்ட ஒருவருடைய பெயர் மட்டும் தப்பிப் பிழைத்து வரலாற்றில் நிற்கிறது. ஃபிரான்ஸ் பாரிஷ். வியன்னா பொது மருத்துவமனை வளாகத்தில் இருந்த, பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோய்க்கூற்றியல் நிறுவனத்தில் அவர் ஊழியர். 1898 அக்டோபர் 18 அன்று பிளேக் நோயால் இறந்தார். அந்தச் சமயத்தில் வியன்னா நகரத்தில் பிளேக்கே கிடையாது. பக்கத்து ஊர்களிலும் கிடையாது. நோய் இருந்தது ஒரே ஓர் இடத்தில்தான்: அவர் தினமும் வேலைக்குப் போன கட்டடத்தில்.

அது அங்கே பம்பாயிலிருந்து வந்தது.

1894இல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோது அலெக்சாந்தர் யெர்சின் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். இரண்டே வருடத்தில், 1896 செப்டம்பரில், நோய் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் தலைகாட்டியது. ஐரோப்பா பயந்துவிட்டது. நீராவிக் கப்பல்கள் சூயஸ் கால்வாய் வழியாகச் சில வாரங்களில் போய்ச்சேரும் காலம். பம்பாயில் இருப்பது நாளைக்கு ட்ரியெஸ்ட் துறைமுகத்துக்கு வராது என்று யாரால் சொல்ல முடியும்? வியன்னாவின் அரச அறிவியல் கழகம் 1897 பிப்ரவரியில் ஒரு மருத்துவர் குழுவைப் பம்பாய்க்கு அனுப்பியது. ஹெர்மன் ஃபிரான்ஸ் முல்லர், ஹைன்ரிஷ் ஆல்பிரெக்ட், அன்டோன் கோன், ருடால்ஃப் போய்க் ஆகிய நால்வரும் அதில் முக்கியமானவர்கள். காசநோய் படித்த மருத்துவ மாணவர்களுக்கு 'கோன் காம்ப்ளெக்ஸ்' தெரிந்திருக்கும். அந்த கோன்தான் இவர்.

ஆர்தர் ரோடு மருத்துவமனையில் மூன்று மாதம் வேலை செய்தார்கள். நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார்கள், இறந்தவர்களை அறுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மே மாதம் கிருமி வளர்ப்புகளோடு ஊர் திரும்பினார்கள். வியன்னாவில் அந்தக் கிருமிகளை எலிகளுக்கும் கினிப் பன்றிகளுக்கும் செலுத்தி ஆய்வு தொடர்ந்தது. அந்த விலங்குகளைப் பார்த்துக்கொள்வது பாரிஷின் வேலை.

மருத்துவர்களுக்கு அப்போது என்னவெல்லாம் தெரிந்திருந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். கிருமி எது என்று தெரியும். நெறிகட்டும் பிளேக்கைத் தவிர நுரையீரலைத் தாக்கும் வகை ஒன்று உண்டு, அது சளியிலும் இருமலிலும் பரவும் என்பதும் தெரியும். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சைல்ட் அதை விவரித்திருந்தார். தெள்ளுப்பூச்சிதான் எலியிலிருந்து மனிதனுக்கு நோயைக் கடத்துகிறது என்று போல்-லூயி சிமோன் 1898இல் கராச்சியில் காட்டிவிட்டார். ஆனால் மருத்துவ உலகம் அதைப் பல வருடங்கள் நம்பவில்லை. ஆக, தெரிந்தது நிறைய. தெரியாததும் இருந்தது.

பாரிஷுக்கு என்ன தெரிந்திருந்தது? இது ஆபத்தான வேலை என்பது நிச்சயம் தெரிந்திருக்கும். ஆனால் ஆபத்து என்று தெரிவது வேறு, அது எந்த வழியாக வரும் என்று தெரிவது வேறு. மேசையில் உட்கார்ந்து கண்ணாடிக் குழாயைக் கையாள்பவருக்கு எதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடலாம். கூண்டு கழுவுபவர் எல்லாவற்றையும் தொட்டுத்தான் ஆகவேண்டும். செத்த எலியை எடுப்பார். அழுக்கான படுக்கைப் புல்லை உதறுவார். எழும் தூசியைச் சுவாசிப்பார்.

இன்னொன்றும் உண்டு. இதே வியன்னா மருத்துவமனையில்தான் 1847இல் இக்னாஸ் செம்மல்வைஸ் மருத்துவர்களைக் கைகழுவ வைத்தார். பிரசவ வார்டில் பெண்கள் வருடக்கணக்காகச் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் பிடிபடவில்லை. அந்த மார்ச் மாதம் அவருடைய நண்பரும் பேராசிரியருமான யாக்கப் கொல்லெச்கா பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி பட்டு இறந்தார். அந்தப் பெண்களின் உடலில் கண்ட அதே மாற்றங்கள் அவர் உடலிலும் இருந்தன. அதற்குப் பிறகுதான் செம்மல்வைஸுக்கு விஷயம் விளங்கியது. எத்தனையோ தாய்மார்களின் சாவு சொல்லாததை ஒரு பேராசிரியரின் சாவு சொல்லியது. நிறுவனங்கள் எந்தச் சாவிலிருந்து பாடம் படிக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

1898 அக்டோபர் நடுவில் பாரிஷ் காய்ச்சலில் விழுந்தார். அவரைப் பார்க்க வந்தவர் முல்லர். நகரத்திலேயே பிளேக் நோயாளிகளை அதிகம் பார்த்திருந்த மருத்துவர் அவர்தானே. பாரிஷ் தனிமைப்படுத்தப்பட்டார். பேகா என்ற செவிலியும் இன்னொருவரும் கூட இருந்து கவனித்தார்கள். நுரையீரல் பிளேக்கில் சில நாள்களே கிடைக்கும். பாரிஷ் 18ஆம் தேதி போய்விட்டார்.

அடுத்து முல்லருக்குக் காய்ச்சல். பேகாவுக்கும் காய்ச்சல். இருவரையும் கைசர் ஃபிரான்ஸ் யோசஃப் மருத்துவமனையின் தனிமைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். தனக்கு என்ன வந்திருக்கிறது, எத்தனை நாளில் முடியும் என்று முல்லருக்குத் தெரியும். பம்பாயில் பார்த்த ஆள். மற்ற மருத்துவர்களை உள்ளே வரவிடவில்லை. மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாகத் தன் நோய்க்குறிப்பை எழுதிக் காட்டினார். பம்பாய்க்கு உடன் வந்த போய்க் மட்டும் தானாக முன்வந்து இருவரையும் கவனித்தார். 23ஆம் தேதி முல்லர் இறந்தார். முப்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. 30ஆம் தேதி பேகா இறந்தார். அத்தோடு நின்றது. நகரத்துக்குள் நோய் போகவில்லை.

அதற்காக அந்தத் தனிமைக் கூடத்தில் இருந்தவர்களுக்கு வியன்னா நன்றி சொல்லத்தான் வேண்டும். சொன்னது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. முல்லருக்கு மருத்துவமனை முற்றத்தில் நினைவுச்சின்னம் எழுந்தது. பாரிஷுக்குக் கிடைத்தது ஒரு விளக்கம்: அவர் குடிப்பவர், விதிகளை மதிக்காமல் அஜாக்கிரதையாக இருந்துவிட்டார். இன்றுவரை எழுதப்படும் கட்டுரைகளிலும் அந்த ஒற்றை வரி கூடவே வருகிறது. யூத எதிர்ப்பு ஏடுகள் தங்கள் பங்குக்கு நவீன மருத்துவ ஆய்வையே தாக்கி எழுதின. ஒரு பக்கம் அறிவியலைக் குற்றவாளியாக்கினார்கள், இன்னொரு பக்கம் ஊழியரை. அந்தக் கூண்டுகள் எப்படிக் கழுவப்பட்டன, கழுவியவருக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்ற கேள்வி நடுவில் நழுவிப் போனது.

அவர் குடித்திருக்கலாம். இருக்கட்டும். ஒரு மனிதர் ஒரே ஒருநாள் கவனம் தப்பினால் மூன்று பேர் சாகும்படி ஓர் இடம் அமைந்திருந்தால், தவறு அந்த மனிதரிடமா, இடத்திடமா?

இந்தக் கதையின் மறுபாதி பம்பாயில் இருக்கிறது. வியன்னாக்காரர்கள் வருவதற்கு நான்கு மாதம் முன்பு, 1896 அக்டோபரில், வால்டெமர் ஹாஃப்கின் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் தாழ்வாரமும் வாங்கிக்கொண்டு பிளேக் தடுப்பூசி செய்ய உட்கார்ந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்டவர்கள் ஒரு குமாஸ்தாவும் மூன்று பியூன்களும். மூன்றே மாதத்தில், 1897 ஜனவரி 10 அன்று, ஹாஃப்கின் தன் உடலிலேயே ஊசி போட்டுக்கொண்டார். அது எல்லா நூல்களிலும் இருக்கிறது. அந்த மாதங்களில் உதவியாளர்களில் ஒருவர் மனம் உடைந்துபோனார், இருவர் வேலையை விட்டுவிட்டுப் போனார்கள் என்பதும் இருக்கிறது, ஆனால் ஒரு வரியில். விஞ்ஞானி எவ்வளவு கஷ்டப்பட்டார் பாருங்கள் என்று காட்டுவதற்காக அதைச் சொல்கிறார்கள்.

எனக்கு அந்த இருவரும் வேறு மாதிரி தெரிகிறார்கள். குடுவைகளில் என்ன வளர்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெளியே பம்பாயே காலியாகிக்கொண்டிருந்தது. தடுப்பூசி இன்னும் இல்லை. ஒரு பியூனுக்கு அன்று கைவசம் இருந்த ஒரே நோய்த்தடுப்பு முறை வேலையை விடுவதுதான். அதைப் பயம் என்கிறது வரலாறு. விழிப்புணர்வு என்றும் சொல்லலாமே?

எண்பது வருடம் கழித்தும் இதே கணக்குத்தான். 1978இல், பெரியம்மையை உலகமே ஒழித்துவிட்டது என்று அறிவிக்கக் காத்திருந்த வேளையில், பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் புகைப்படக்காரராக இருந்த ஜேனட் பார்க்கர் பெரியம்மையால் இறந்தார். அவர் வேலை செய்த இடத்துக்குக் கீழ்த்தளத்தில் பெரியம்மை ஆய்வுக்கூடம். அவர் கடைசியாக அம்மை குத்திக்கொண்டது 1966இல். கீழே கிருமியோடு வேலை செய்தவர்களுக்குத் தடுப்பூசி முறையாக உண்டு. மேல்மாடியில் கேமராவோடு இருந்தவரை அந்தப் பட்டியலில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஆய்வுக்கூடத் தலைவரான ஹென்றி பெட்சன், பார்க்கருக்குச் சில நாள் முன்பே தற்கொலை செய்துகொண்டு இறந்தார். விசாரணை அறிக்கையை வழக்கு முடியும்வரை வெளியிடாமல் வைத்திருந்தார்கள். அதை முன்கூட்டியே வெளியே கொண்டுவந்தது ஊழியர்களின் தொழிற்சங்கம். கிருமி எந்த வழியாக மேலே போனது என்பது நிரூபணமாகாததால் பல்கலைக்கழகம் வழக்கிலிருந்து விடுபட்டது.

ஊழியர்களுக்கு விழிப்புணர்வு இருக்கிறதா என்று ஒவ்வொரு கொள்ளைநோயிலும் கேட்கிறோம். கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் போடுகிறோம். பார்க்கருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாராவது போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பாரிஷுக்கு அவர் கழுவுவது எப்படிக் கொல்லும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னபின், "இன்றைக்கு எனக்கு முடியலை சார், வேற ஆளை வையுங்க" என்று அவர் சொல்ல ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். அதைக் கேட்டு வேறு ஆளை வைப்பதும் நோய்த்தடுப்புதான்.