ஆடையரங்கும் உதவிப்பணமும்

ஆடையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரசர்களின் பட்டையும் அரசியரின் மணிகளையுமே எழுதிச் சென்றனர். துணியை வெட்டியவன் யார், தைத்தவள் யார், அக்கலையைக் கற்கும் வாய்ப்பு அவர்களுக்கு எவ்வாறு கிட்டியது என்னும் வினாக்கள் அவ்வேடுகளில் எழுவது அரிது. கலை வானத்திலிருந்து விழுவதன்று; அதற்கும் சமுதாய அடித்தளம் ஒன்றுண்டு என்பதை ஏற்றுக்கொண்ட நாம், ஆடைக்கலையை மாத்திரம் அவ்வுண்மைக்குப் புறம்பாக விட்டுவிடுதல் பொருந்தாது. ஆதலின், இலண்டன் கலைக் கல்லூரி ஒன்றின் மாணவர் இருவர் தம் கல்வியின் முடிவிலே அரங்கேற்றிய ஆடைத் தொகுதிகளை இங்கு நோக்குவோம்.

சென். மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி 1854 இல் தொடங்கப்பெற்றது. ஓவியமும் சிற்பமுமே கலை, ஆடையாக்கம் கூலித்தொழில் என்றிருந்த மனப்பான்மையை மீறி, 1930களில் ஆடை வடிவமைப்பை அங்கு ஒரு பாடமாக வேரூன்றச் செய்தவர் மியூரியல் பெம்பேர்ட்டன் என்னும் ஆசிரியை. அப்பாடநெறியின் இறுதியில் மாணவர் தாம் வடிவமைத்து ஆக்கிய உடைகளை அணிவித்து, மேடையிலே நடக்கவிட்டுக் காட்டுவர். புலவன் தன் நூலை அவைமுன் வைப்பது போன்ற அரங்கேற்றமே இதுவும். ஆயின் இவ்வவையிலே ஆசிரியரோடு வணிகரும் அமர்ந்திருப்பர்.

1984 யூன் மாதத்தில் இம்மேடையேறியவர் ஜோன் கலியானோ. குழாய் பொருத்தும் தொழிலாளி ஒருவரின் மகனாக ஜிப்ரால்டரிலே பிறந்து, தென் இலண்டனிலே வளர்ந்தவர். படிக்கும் காலத்தில் தேசிய நாடக அரங்கிலே நடிகருக்கு உடை அணிவிக்கும் வேலை பார்த்தவர். அவருடைய தொகுதி பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தைப் பொருளாகக் கொண்டது. பிறவுன்ஸ் என்னும் உயர்தர ஆடையகத்தின் உரிமையாளரான ஜோன் பேர்ஸ்டீன் அதனை முழுமையாக வாங்கித் தம் கடையின் கண்ணாடி முகப்பிலே வைத்தார்.

அத்தொகுதியின் பெயர் ‘லேஸ் அங்குறோயாப்ல்’, அதாவது ‘நம்பவியலாதோர்’. இவர்கள் யாவர்? புரட்சிக் காலத்துப் பாரிஸ் பாட்டாளிகள், பிரபுக்களின் முழங்காற் சட்டையை நிராகரித்து நீளக் காற்சட்டை அணிந்தனர். எவரும் எவரையும் இன்ன உடைதான் அணியவேண்டுமென வற்புறுத்தலாகாது எனப் புரட்சி மன்றம் 1793 ஒக்டோபர் 29 இல் ஆணை பிறப்பித்தது. 1794 யூலையில் றொபெஸ்பியர் வீழ்ந்தபின், செல்வர் வீட்டு இளைஞர் அகன்ற கழுத்துப்பட்டையும் இறுகிய மேற்சட்டையும் அணிந்து வீதிகளில் உலாவினர். அவ்வகையினருட் பலர் தடிகொண்டு புரட்சியாளரைத் தாக்கவும் செய்தனர். தொழிலாளியின் மகன் தன் முதல் அரங்கேற்றத்துக்குத் தேர்ந்தெடுத்த பகட்டு, எதிர்ப்புரட்சியின் பகட்டாகவும் இருந்தமை சிந்தனைக்குரியது. அழகை எடுத்துக்கொள்ளும் கலைஞன், அவ்வழகு எவருடைய கொடியாகப் பறந்தது என்பதையும் கேட்டறிதல் நன்று.

அதே 1984 மார்ச்சில் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் ஓராண்டு நீடித்துத் தோல்வியில் முடிந்தது. அதை முறியடித்த ஆட்சியே பின்னர் மாணவரின் உதவிப்பணத்திலும் கைவைத்தது என்பதை மனங்கொள்க.

இரண்டாமவர் அலெக்சாண்டர் மக்குவீன். வாடகைக்கார் ஓட்டுநரின் மகன். பதினாறாம் வயதிலே பள்ளியை விட்டு, சவில் றோ வீதியின் தையலகம் ஒன்றிலே தொழில் பழகியவர். வேலை தேடிக் கல்லூரிக்கு வந்த அவரை, முதுகலை வகுப்பை நடத்திய பொபி ஹில்சன் மாணவராகவே சேர்த்துக்கொண்டார். கட்டணத்துக்கு உதவியவர் அவருடைய அத்தை. 1992 இல் அவர் காட்டிய தொகுதி, 1888 இல் இலண்டனின் வறிய கிழக்குப் பகுதியிலே பெண்களைக் கொன்ற கொலைஞனின் பெயரைத் தாங்கியது. உடையின் உட்புறத்திலே மனித மயிரைப் பொதிந்து தைத்திருந்தார். வறுமையால் தம் கூந்தலையும் விற்ற பெண்களின் நினைவு அது. இசபெல்லா புளோ என்னும் பத்திரிகையாளர் அத்தொகுதியை 5,000 பவுணுக்கு வாங்கி, வாரம் 100 பவுணாகச் செலுத்தினார்.

இருவரும் பின்னர் பாரிஸின் பெரும் ஆடை நிறுவனங்களுக்குத் தலைமை தாங்கினர். இதை ‘மேதைமையின் வெற்றி’ என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. மேதைமையை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் 1962 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் முதற் பட்டம் பயில்வோருக்கு உள்ளூராட்சி அதிகாரசபைகள் உதவிப்பணம் வழங்கவேண்டுமெனக் கட்டாயப்படுத்தியிருந்தது. அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்திலே அத்தையின் கை வேண்டியதாயிற்று. அத்தை இல்லாதவர் எத்தனை பேர்? 1990 இல் மாணவர் கடன்முறை புகுத்தப்பட்டது. 1998 இல் 1,000 பவுண் கட்டணம் வந்தது. 2012 இல் இங்கிலாந்தில் அது 9,000 பவுண் வரை உயர்ந்தது. துணியும் நூலும் வாங்கும் செலவு இதற்குப் புறம்பானது. மேடை அங்கேதான் இருக்கிறது. அதன் படிகளே உயர்த்தப்பட்டுவிட்டன.

இது அயல்நாட்டுக் கதை என்று நாம் வாளாவிருத்தல் தகாது. 1978 முதல் கட்டுநாயக்க வலயத்திலே நம் கிராமத்துப் பெண்கள் மேலைநாட்டுக் கடைகளுக்கு ஆடை தைத்து வருகின்றனர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே ஆடை வடிவமைப்பு ஒரு பட்டப் படிப்பாகியுள்ளது. தைக்கும் தாயின் மகள், வடிவமைக்கும் மாணவியாக அம்மேடையில் நிற்கக்கூடுமென்றால், அதற்கு வழி சமைத்தது 1945 முதல் இந்நாடு பெற்ற இலவசக் கல்வியேயாகும். அக்கல்விக்கு விலை குறிக்கப்படும் நாளில், மேடையில் ஒளி குன்றாது, ஆடைகளும் மின்னும். ஆனால் தைப்பவளின் மகள் அங்கு இருக்கமாட்டாள். ஆசிரியரும் மாணவரும் காக்கவேண்டியது எது என்பது இதனின்றும் தெளிவாகும்.