நுரை சுமக்கும் பெண்ணை

நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூரருகே தமிழகத்துள் நுழைந்து, கடலூரருகே கடல் சேரும் தென்பெண்ணையை நாம் அறிவோம். அதன் கரையில் ஆண்ட மன்னர்களின் வரலாற்றை மாணவர்க்குச் சொல்லியும் தருகிறோம். அதன் நீர் கெட்ட வரலாற்றைச் சொல்லித் தருவோர் யார்?

1892-இல் மைசூர் அரசும் சென்னை அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையில் காவிரியோடு பெண்ணையும் இடம்பெற்றது. மேலே புதிய அணை எழுப்புவதாயின் கீழே உள்ளோரின் இசைவு வேண்டும் என்றனர். நீரின் அளவுக்கு அவ்வேட்டிலே காவல் உண்டு, தூய்மைக்கு இல்லை. சலவைத்தூள் ஆற்றில் கரையும் காலமா அது?

பிறகு வந்தது 1974. நீர் மாசு தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிய அதே ஆண்டில், பெங்களூருக்குக் காவிரி நீரை ஏற்றும் முதற்கட்டத் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏறிய அந்நீர் என்னவாயிற்று? நகரின் மேற்குப் பகுதிக் கழிவு விருசபாவதி வழியே காவிரிப் பக்கமே திரும்புகிறது. கிழக்குப் பகுதிக் கழிவோ பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் விழுந்து பெண்ணையை அடைகிறது. காவிரியாக ஏறியது, சாக்கடையாகப் பெண்ணையில் இறங்குகிறது! 2015-லும் 2017-லும் பெல்லந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்தபோது ஏரியும் எரியுமோ என உலகம் வியந்தது. அந்த ஏரியின் கழிவைத்தான் கீழே நம் கெலவரப்பள்ளி அணை ஏந்துகிறது. மதகு திறந்ததும், சலவைப்பொருள் கலந்த நீர் விழுந்து காற்றோடு கலக்க, வெண்ணுரை மலையென எழுகிறது. வேடிக்கை பார்ப்போர் படமெடுத்துச் செல்கின்றனர். உழவன் அந்நீரையே வயலுக்குப் பாய்ச்சுகிறான்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதன்படி அமைந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநிலத்துக்கு ஒன்று. அவர்கள் கை எட்டும் எல்லையில் ஆறு நிற்பதில்லை. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பெண்ணை வழக்கில் நடுவர் மன்றம் அமைக்க ஒன்றிய அரசை நாடுமாறு தமிழகத்துக்குச் சொல்லிற்று. அவ்வழக்கோ துணையாறான மார்க்கண்டேயத்தில் கட்டப்பட்ட அணையைப் பற்றியது. மறுபடியும் அளவுதான்! இனி எழுதப்படும் உடன்படிக்கையிலேனும், எத்தனை கன அடி என்பதன் பக்கத்தில் எத்தகைய நீர் என்பதையும் எழுதச் சொல்ல வேண்டாமா?

கன்னட மக்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் ஓசூர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் அது பெருத்தது. 2019-இல் மாநகராட்சியும் ஆயிற்று. பெருத்த ஊரின் கழிவும் பள்ளம் தேடித்தானே ஓடும்? காமராசர் முதலமைச்சராயிருந்தபோது கட்டிய கிருட்டிணகிரி அணையின்கீழ்ப் பயிரிடும் உழவர், ஓசூரைப் பார்த்துக் கேட்கப்போவதும் நாம் பெங்களூரைக் கேட்கும் அதே கேள்விதான்.