வழி கேட்டவர்களும் கேட்க மறுத்தவர்களும் – ஹக்கோடா மலை, 1902



பள்ளி விடுமுறை நெருங்கும்பொழுதெல்லாம் சாரணர் முகாம், மலையேற்றம், காட்டு நடை எனப் புறப்பாட நடவடிக்கைத் திட்டங்கள் நம் மேசைக்கு வந்து சேர்கின்றன. பாரங்களை நிரப்புகிறோம்; பெற்றோரிடம் கையொப்பம் பெறுகிறோம்; ஒன்றும் ஆகாது என்னும் நம்பிக்கையோடு புறப்படுகிறோம். அந்த நம்பிக்கை எதன்மீது நிற்கிறது என்று நாம் கேட்டுப் பார்ப்பதுண்டா? அவ்வினாவை என்னுள் எழுப்பிய வரலாற்று நிகழ்வு ஒன்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். நிகழ்ந்த இடம் பனிமலை. ஆயினும் பனியே காணாத நம் நாட்டிற்கும் அதில் பாடம் உண்டு.

ஜப்பானின் ஹொன்ஷு தீவின் வடகோடியில், அவொமோரி நகருக்குத் தெற்கே அமைந்துள்ளது ஹக்கோடா மலைத்தொடர். அதன் மிக உயர்ந்த சிகரமே 1,600 மீட்டரை எட்டாது. நம் கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரம் அதைவிட உயரமானது. ஆனால், சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளி வந்து இம்மலையில் பனியாகக் கொட்டுகிறது. உலகில் மிகுதியாகப் பனி பொழியும் இடங்களுள் இதுவும் ஒன்று.

1902-ஆம் ஆண்டில் ஜப்பானுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே பகைமை முற்றிக்கொண்டிருந்தது. ரஷ்யக் கடற்படை கரையோரச் சாலையையும் இருப்புப் பாதையையும் தகர்த்துவிட்டால், குளிர்காலத்தில் மலைவழியே படைகளை நகர்த்த முடியுமா? இதனைச் சோதித்தறிய இரண்டு படைப்பிரிவுகள் தனித்தனியே ஹக்கோடா மலைக்குப் புறப்பட்டன.

அவொமோரியில் இருந்த ஐந்தாம் படைப்பிரிவில் சென்றோர் 210 பேர். தலைவர் கேப்டன் கன்னாரி. அவருக்கு மேலதிகாரியான மேஜர் யமாகுச்சியும் உடன் சென்றார். செல்ல வேண்டிய இடம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தாஷிரோ வெந்நீர் ஊற்று. சில நாள்களுக்கு முன்னர் நல்ல வெயில் நாளில் சிறிது தூரம் சென்று ஒத்திகை பார்த்திருந்தனர். அது எளிதாக முடிந்தது. அந்த எளிமையே அவர்களை ஏமாற்றிவிட்டது எனலாம்.

சனவரி 23-ஆம் நாள் காலையில் புறப்பட்ட அவர்களை, மலையடிவாரச் சிற்றூரான தமோகினோவின் மக்கள் தடுத்தனர். இந்தப் பருவத்தில் போக வேண்டாம் என்றனர். போவதாயின் வழிகாட்டி ஒருவரை அழைத்துச் செல்லுங்கள் என்றனர். வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு என்று படையினர் மறுத்துவிட்டனர்.

பிற்பகலில் பனிப்புயல் சூழ்ந்தது. உணவும் விறகும் ஏற்றிய பனிச்சறுக்கு வண்டிகள் மென்பனியில் புதைந்து நகர மறுத்தன. தாஷிரோவை அடைய இன்னும் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத நிலையில் இருள் கவிந்தது. பனியில் குழி தோண்டி அதற்குள் நெருக்கியடித்து நின்றனர். நெருப்பு மூட்டினால் அடியிலிருந்த பனி உருகி அடுப்பே சாய்ந்தது. சோறு சரியாக வேகவில்லை. விடியும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால், உறங்கினால் உறைந்து மடிவோம் என்ற அச்சத்தில், பின்னிரவு இரண்டு மணியளவில், அந்தக் கும்மிருட்டில், திரும்பிச் செல்ல முடிவெடுத்தனர். அங்கேதான் வழி தவறியது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர்கள் சுற்றிச் சுற்றி அலைந்தனர். 25-ஆம் நாள் ஹொக்கைடோவின் அசாஹிகாவாவில் பதிவான கழிய 41 பாகை செல்சியஸ்தான், இன்றளவும் ஜப்பானின் வானிலை நிலையப் பதிவுகளில் மிகக் குறைந்த வெப்பநிலை. 27-ஆம் நாள் காலையில், மீட்புக் குழுவினர் பனியில் புதைந்து நின்றபடியே உயிரோடிருந்த கோத்தோ என்னும் படைவீரரைக் கண்டனர். அவர் கூறிய செய்தியால்தான் பேரிடர் வெளியுலகிற்குத் தெரிந்தது. ஹொக்கைடோவிலிருந்து வந்த ஐனு பழங்குடியினரும் தேடுதலில் துணை நின்றனர். 210 பேரில் 199 பேர் மாண்டனர். பிழைத்த 11 பேரில் பலர் உறைகடியால் கைகால்களை இழந்தனர்.

சுற்றிச் சுற்றி அலைந்தது அவர்களுடைய அறியாமையால் அன்று. கதிரவனோ தொலைவிலுள்ள அடையாளமோ கண்ணுக்குப் புலப்படாதபோது, நேராக நடப்பதாக எண்ணிக்கொண்டே மனிதர் வட்டமிடுகின்றனர். 2009-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டிலும் பாலைநிலத்திலும் ஆள்களை நடக்கவிட்டு இதனை மெய்ப்பித்துள்ளனர். வழி தவறியதை உணர்ந்தால் நின்ற இடத்திலேயே நில் என்று சாரணர்களுக்கு நாம் கற்பிப்பதன் காரணமும் இதுவே.

இனி மற்றொரு படைப்பிரிவைக் காண்போம். ஹிரோசாக்கியிலிருந்த முப்பத்தொன்றாம் படைப்பிரிவினர், கேப்டன் ஃபுக்குஷிமாவின் தலைமையில் சனவரி 20-ஆம் நாள் புறப்பட்டனர். செய்தியாளர் ஒருவரையும் சேர்த்து மொத்தம் 38 பேர். பனிச்சறுக்கு வண்டிகள் இல்லை. வழியிலுள்ள ஊர்களில் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தனர். ஒவ்வொரு கட்டத்திலும் அவ்வூர் மக்களையே வழிகாட்டிகளாக அமர்த்திக்கொண்டனர். ஹக்கோடாவைக் கடக்கையில் அவர்களையும் பனிப்புயல் தாக்கியது. அவர்களும் வெட்டவெளியில் இரவைக் கழிக்க நேர்ந்தது. ஆயினும் வழிகாட்டிகளின் துணையால் 29-ஆம் நாள் அவொமோரிக்கு இறங்கி வந்தனர். ஏறத்தாழ 224 கிலோமீட்டரைச் சுற்றி 31-ஆம் நாள் ஹிரோசாக்கி திரும்பியபோது, ஒருவர்கூட உயிரிழந்திருக்கவில்லை. கடுங்குளிர் சற்றுத் தணிந்த பின்னர் அவர்கள் ஹக்கோடாவை அடைந்தது நற்பேறு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், நற்பேற்றை மட்டும் நம்பி அவர்கள் புறப்படவில்லை.

கதையை இங்கேயே முடித்தால் "வழிகாட்டியை அழைத்துச் செல்லுங்கள்" என்ற அறிவுரையோடு நிறுத்திக்கொள்ளலாம். என் மனத்தை உறுத்துவது இதன் பின்பகுதி. ஹக்கோடாவைக் கடக்க முன்னே நடந்து பனியை மிதித்து வழி உண்டாக்கியவர்கள் ஏழு எளிய கிராமத்தினர். ஊர் நெருங்கியதும் சிறு தொகையைக் கொடுத்து, கண்டதை எவரிடமும் சொல்லக்கூடாது என்று எச்சரித்து, அவர்களை விட்டுச் சென்றது படை. உறைகடியோடு வீடு திரும்பிய அவர்கள் பல்லாண்டுகள் வாய் திறக்கவில்லை. வெற்றிப் பயணத்தின் பெருமை முழுவதும் அதிகாரிகளுக்கே சேர்ந்தது. பிற்காலத்தில்தான் அவ்வெழுவருக்கு நினைவுக்கல் எழுந்தது.

ஒரு படை ஊராரின் சொல்லைக் கேட்க மறுத்து அழிந்தது. மற்றொரு படை கேட்டுப் பிழைத்தது. பிழைத்தபின் சொன்னவரை மறந்தது. மாணவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. நம் காடுகளில் வழிகாட்ட வரும் ஒராங் அஸ்லி அன்பர்களின் பெயரை நம் முகாம் அறிக்கைகளில் எழுதுகிறோமா? "ஆற்றில் நீர் ஏறும், இன்று வேண்டாம்" என்று அவர் சொன்னால், பேருந்துக்குக் கட்டிய பணத்தை எண்ணாமல் திரும்பி வரும் துணிவு நமக்கு உண்டா? நல்ல வெயில் நாளில் பார்த்த ஒத்திகையை வைத்துக்கொண்டு மழைநாளையும் சமாளித்துவிடலாம் என்று எண்ணுகிறோமா?

நம்மை நம்பி நாற்பது பிள்ளைகளை அனுப்புகின்றனர் பெற்றோர். திரும்பிவிடலாம் என்று முதலில் சொல்பவரைக் கோழை என எண்ணாத பழக்கத்தை நாம் முதலில் ஆசிரியர் அறையில் வளர்த்துக்கொள்வோம். பிள்ளைகள் அதனை நம்மைப் பார்த்தே கற்றுக்கொள்வர்.