பழையனூர் நீலி பிறந்த கதை

எண்ணூர்த் துறைமுகத்துக்கு ஓடும் கன்டெய்னர் லாரிகளின் முகப்பில் எலுமிச்சையும் பச்சைமிளகாயும் ஆடும். கண்ணேறுக்கு மட்டுமல்ல, காத்துக்கருப்புக்கும் அதுதான் காப்பு. ராத்திரியில் ரோட்டோரம் கைகாட்டி, வண்டியில் ஏறி, மாயமாகும் பெண்ணின் கதை உலகெங்கும் உண்டு. இங்கிலாந்தில் கென்ட் பகுதியின் புளூபெல் ஹில் சாலை அதற்குப் பேர்போனது. அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 79 கதைகளைத் திரட்டி 1942-ல் எழுதினார்கள்.

நம்மூர் வழிப்பேய் நீலி இவர்களுக்கெல்லாம் மூத்தவள். எண்ணூரில் கடலைச் சேரும் கொசஸ்தலையாறு ஓடிவரும் திருவள்ளூர் மாவட்டத்தில், திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர்தான் அவள் ஊர்.

வணிகன் ஒருவன் தனிவழியே போகிறான். காவலுக்கு இடுப்பில் மந்திரவாள். அதற்கு அஞ்சும் நீலி, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் சுமந்து பின்தொடர்கிறாள். ஊர்ச்சபையில் போய், "இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுவிட்டார்" என்று அழுகிறாள். குழந்தையை இறக்கிவிட்டதும் அது அவனிடம் ஓடி "அப்பா" என்கிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? வேளாளர் எழுபது பேர் வாளை வாங்கி வைத்துக்கொண்டு, "உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை" என்று இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கிறார்கள். விடிந்தபோது வணிகன் பிணம், அவளைக் காணோம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீப்பாய்ந்தார்கள்.

ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்த வஞ்சகத்தைச் சுட்டிவிட்டார். அதாவது, அப்போதே இது பழங்கதை. பின்னர் சமணர்கள் அதே பேயை நீலகேசிக் காப்பியத்தின் நாயகியாக்கினார்கள். முனிவரை மிரட்டப் போனவள் அவரிடமே அறம் கேட்டு, ஊர் ஊராகப் போய்ப் பிற சமயத்தாரை வாதில் வெல்கிறாள். உமாபதி சிவாச்சாரியார் பேரில் வழங்கும் சேக்கிழார் புராணமோ எழுபது பேரின் வாய்மையைப் போற்றியது. அங்கே நீலி வெறும் சாக்கு.

நாட்டார் கதைசொல்லிகள்தான் அவளுக்கு ஒரு முன்கதை வைத்தார்கள். முற்பிறவியில் அதே காட்டுவழியில் நகைக்காகக் கணவன் கையால் கொலையுண்டவள் அவள். அவன்தான் வணிகனாகப் பிறந்து வந்திருக்கிறான். சபையில் அவள் சொன்னதில் பாதி உண்மை என்பது அப்போதுதான் விளங்குகிறது. புலவர்கள் சபையின் தீர்ப்பைப் பாடினார்கள். இவர்கள் அதற்கு முந்தைய கொலைவழக்கை விசாரித்தார்கள்.