மச்சாகோஸ் மலைகளும் மண் அரிப்பு வரைபடமும்

மண் அரிப்பு வரைபடம் பார்த்திருக்கிறீர்களா? பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து. ஜி.ஐ.எஸ். பாடத்தில் இதைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சிவப்பு பூசிய இடத்தில் குடியிருக்கும் மக்களுக்கு அப்புறம் என்ன ஆகிறது? தேடிப் படித்தபோது கிடைத்ததுதான் கென்யாவின் மச்சாகோஸ் கதை.

முதலில் கொஞ்சம் கணக்கு (பயப்படாதீர்கள்!). அமெரிக்காவைச் சேர்ந்த விஷ்மையர், ஸ்மித் என்ற இருவர் 1965-ல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். 1978-ல் அதைத் திருத்தினார்கள். மழையின் வலு, மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், நிலத்தை மூடியிருக்கும் பயிர், விவசாயி போட்டிருக்கும் வரப்பு போன்ற தடுப்புகள் என ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எல்லாவற்றையும் பெருக்கினால் வருடத்துக்கு எவ்வளவு மண் அடித்துக்கொண்டு போகும் என்ற மதிப்பீடு வரும். இன்று செயற்கைக்கோள் படங்களின் உதவியோடு ஒரு மாவட்டத்தையே சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து இப்படிக் கணக்கிடுகிறார்கள். இதில் மழையும் மண்ணும் சரிவும் இயற்கை கொடுத்தவை. பயிரும் வரப்பும் மனிதர் கையில் இருப்பவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மச்சாகோஸ். நைரோபிக்குத் தென்கிழக்கே உள்ள வறண்ட மலைப்பகுதி. அகாம்பா மக்களின் ஊர். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் உண்டு, ஆனால் இரண்டையும் நம்ப முடியாது. கோடையில் புல்லெல்லாம் காய்ந்து தரை மொட்டையாகக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து முதல் மழை கொட்டினால் மேல்மண் ஓடையில்தான்.

1930-களில் இந்தச் சூத்திரமும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை. ஆங்கிலேய அரசின் மண் பாதுகாப்பு அதிகாரி காலின் மாஹர் 1937-ல் மச்சாகோஸ் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் பாழாகிவிட்டது என்றார். மாடுகள் அதிகம், சாகுபடி முறை சரியில்லை என்பதுதான் அன்றைய அதிகாரிகளின் முடிவு. ஆனால் அதற்கு முன்பே அந்த மக்களின் நல்ல நிலங்களில் ஒரு பகுதியை வெள்ளைக்காரப் பண்ணையாளர்களுக்குக் கொடுத்துவிட்டு, அவர்களை 'ரிசர்வ்' எல்லைக்குள் அடைத்து வைத்திருந்ததும் அதே அரசுதான்!

1938-ல் மாடுகளைக் கட்டாயமாகக் குறைக்க உத்தரவு வந்தது. மாடுகளைப் பிடித்து ஏலம் விட்டார்கள். முயிந்தி முபிங்கு என்பவர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நைரோபிக்குக் கிளம்பிப்போய், கவர்னரைப் பார்க்காமல் திரும்ப மாட்டோம் என்று வாரக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். முயிந்தியைக் கைது செய்து லாமு தீவுக்கு நாடு கடத்தினார்கள். ஆனாலும் அந்த வருடக் கடைசிக்குள் அரசு கட்டாயத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. இன்று நைரோபியில் அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது.

பிறகு கட்டாய உழைப்பில் வரப்புகள் போடவைத்தார்கள். அதை மக்கள் வெறுத்தார்கள். நாளடைவில் தங்களுக்கு ஏற்ற ஒரு முறையை அவர்களே தேர்ந்துகொண்டார்கள். அதன் பெயர் 'ஃபான்யா ஜூ'. ஸ்வாஹிலியில் 'மேலே போடு' என்று அர்த்தம். சரிவின் குறுக்கே வாய்க்கால் வெட்டி, மண்ணை மேல்பக்கம் எறிந்து வரப்பாக்க வேண்டும். மழை ஓடிவரும் மண்ணை வரப்பு பிடித்துக்கொள்ளும். சில வருடங்களில் சரிவு தானாகவே படிவயலாகிவிடும். 'ம்வெத்யா' என்ற கூட்டு வேலைக் குழுக்கள் இந்த வேலையைச் செய்தன. அதில் பெரும்பங்கு பெண்களுடையது.

1930-களில் இரண்டரை லட்சத்துக்கும் குறைவாக இருந்த மக்கள்தொகை 1989-ல் சுமார் 14 லட்சம். அந்த அதிகாரிகளின் கணக்குப்படி மலை பாலைவனமாகியிருக்க வேண்டும். ஆனால் மேரி டிஃபென், மைக்கேல் மார்ட்டிமோர், பிரான்சிஸ் கிச்சுகி மூவரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு நூல், மண் அரிப்பு குறைந்திருந்தது, விளைச்சல் கூடியிருந்தது என்றது. அதே மலை, அதே மழை. மாறியது பயிரும் வரப்பும்.

எல்லாருக்கும் நன்மை கிடைத்ததா? இல்லை. நைரோபியில் சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்ப ஆள் இருந்த குடும்பங்கள் வரப்பு போட்டு முன்னேறின, இல்லாதவர்கள் பின்தங்கினார்கள் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டின. அதுவும் நியாயமான பேச்சு.

என்னைக் கேட்டால் வரைபடம் அவசியம்தான். எந்தச் சரிவை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று அது காட்டும். அங்கே ஏன் இன்னும் வரப்பு இல்லை என்று அதற்குத் தெரியாது. நிலம் யாருடையது, மண்வெட்டி பிடிக்க ஆள் உண்டா, செலவுக்குப் பணம் உண்டா என்பதையெல்லாம் அங்கே போய்த்தான் கேட்க வேண்டும். 1938-ல் கேட்காமல் மாட்டைப் பிடித்தார்கள். அடுத்த முறை சிவப்பு பூசும்போது நாமாவது கேட்போமா?