மோடு

கைப்பேசி விளையாட்டில் பிள்ளைகள் 'மோடு மாத்து' என்று கத்தும்போது எனக்கு மோட்டுவளைதான் நினைவில் வரும். தமிழில் மோடு என்றால் உயரம், மேடு, வீட்டு முகடு, பெருத்த வயிறும்கூட. பிள்ளைகள் சொல்லும் மோடு வேறு, அது ஆங்கில 'mode'. அதன் மூலமான லத்தீன் 'மோடுஸ்' முதலில் அளவைக் குறித்தது, பிறகே விதத்தை. மாடல், மாடர்ன் எல்லாம் அதன் பங்காளிகள். பப்ஜி மொபைல் என்ற சுடும் விளையாட்டு 2021-இல் இந்தியாவுக்கென்று வேறு பெயரில் வந்தபோது சிந்திய ரத்தம் பச்சையானது. வன்முறையை மட்டுப்படுத்தும் அந்த மாற்றத்துக்குப் பழைய 'அளவு' என்ற பொருள் அழகாகப் பொருந்துகிறது. மோடுக்கு 'முறை' என்று எழுதுகிறார்கள். ஆனால் ஆட்டத்தில் 'இப்ப என் முறை' என்பது வேறாயிற்றே! அதனால் எனக்கு 'வகை' பிடிக்கிறது, அது 'வகு' பெற்ற பிள்ளை. மோடை 'ஆட்டவகை' என்பேன், விளையாட்டு நாட்டுக்கு நாடு மாறுவதை 'வட்டார வகை' என்றாலே போதும்.